பாட்டு போன இடம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் அலுவலக வேலையாக மும்பை போயிருந்தேன். அங்கே வந்திருந்த ஒரு வெளிநாட்டு மியூசிக்கலைப் பார்த்தேன். பிரமித்துவிட்டேன். ஊருக்கு வந்ததும், சென்னையில் இப்போது மேடையில் என்ன நடக்கிறது என்று நாளிதழில் தேடிப் பார்த்து ஒரு சபா நாடகத்துக்குப் போனேன். ஒரு சோபா, ஒரு டெலிபோன், ஒன்றரை மணி நேரம் வசன ஜோக்குகள். நன்றாகவே சிரித்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு பாட்டுகூட இல்லை. பாட்டு இல்லாமல் சினிமா பார்க்கவே தெரியாத நமக்கு மேடையில் மட்டும் பாட்டு ஏன் இல்லாமல் போயிற்று? தமிழில் மியூசிக்கல் என்ற வடிவமே உருவாகவில்லையா? இன்னொன்று, என் மகளுக்குப் பத்து வயது. அவளை நம்பி அழைத்துப்போக ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

க., சென்னை

அன்புள்ள க.,

உருவானது. ஐம்பது அறுபது வருஷம் கொடிகட்டிப் பறந்தது. இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது, உங்கள் ஊரிலிருந்து ஒரு ராத்திரி பஸ் பயண தூரத்தில். அதற்கு டிக்கெட் கிடையாது, அரங்கம் கிடையாது, நாளிதழில் ஒரு வரி விளம்பரம்கூட வராது. அதனால்தான் உங்கள் கண்ணில் படவில்லை.

மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கம் பங்குனி பிறந்ததிலிருந்து ஆடி வரைக்கும் ஏதாவது ஓர் ஊரில் கோயில் திருவிழா நடக்கும். பஸ் ஸ்டாண்டுச் சுவர்களிலும் டீக்கடைகளிலும் நாடக நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன் (கோமாளி), டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனி போட்டோ, பெயர், ஊர். நீங்கள் தேடிய 'இப்போது மேடையில்' பட்டியல் அதுதான். பெயர் ஸ்பெஷல் நாடகம். பெரும்பாலும் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி மாதிரி ஏதோ ஒன்று. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடிய விடிய நடக்கும். ஊரே வரி போட்டு நடத்துவதால் பார்க்க வருபவர் யாரும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

அந்த நோட்டீஸில் ஏன் ஒவ்வொருவர் ஊரையும் போடுகிறார்கள் தெரியுமா? அவர்கள் ஒரே கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அட்வான்ஸ் கொடுத்து அழைத்திருப்பார்கள். ஒத்திகை என்ற பேச்சுக்கே இடமில்லை. சாயங்காலம் வந்து இறங்கி, மேக்கப் போட்டுக்கொண்டு, நேராக மேடையில்தான் சந்திப்பார்கள். அன்றைக்கு எதிரே நிற்பவரோடு அதற்குமுன் ஒரு தடவைகூட நடிக்காதவராகவும் இருக்கலாம். எல்லோருக்கும் சுவாமிகளின் பாட்டும் வசனமும் மனப்பாடம் என்பது ஒன்றுதான் பிடிமானம். அப்புறம் ஆர்மோனியக்காரர். அவர்தான் சுருதி கொடுக்கிறார், பின்பாட்டுப் பாடுகிறார், யாராவது தடுமாறினால் அடுத்த அடியை எடுத்துக் கொடுக்கிறார். டைரக்டர் என்று ஒருவரைச் சொல்லவேண்டுமானால் நான் அவரைத்தான் சொல்வேன்.

நீங்கள் மும்பையில் பார்த்ததோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே ஒரு நடிகை எந்த வரியில் எத்தனை அடி நடந்து எந்த விளக்குக்கு அடியில் நிற்கவேண்டும் என்பதுவரை முடிவாகியிருக்கும். ப்ராட்வேயில் வாரத்துக்கு எட்டு காட்சி, எட்டும் ஒன்றுபோல இருக்கவேண்டும். நாயகிக்குக் காய்ச்சல் வந்தால் அதே பாடம் பயின்ற மாற்று நடிகை வந்து அதே இடத்தில் நிற்பார். அது பெரிய சாதனை, எனக்கும் பிடிக்கும். ஆனால் ஸ்பெஷல் நாடகத்தில் எது எவ்வளவு நேரம் ஓடும் என்று மேடையில் நிற்பவர்களுக்கே தெரியாது.

வள்ளி திருமணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தினைப்புனத்தில் பரண்மேல் வள்ளி ஆலோலம் பாடிக் குருவி ஓட்டுகிறாள். நாரதர் வருகிறார். அவர் வந்த வேலை முருகனைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்லி அவள் மனசில் விதை போடுவது. கதைக்கு அது ஐந்து நிமிஷ வேலை. ஆனால் அங்கேதான் தர்க்கம் ஆரம்பிக்கும். நாரதர் ஒரு கேள்வியைப் பாட்டாகப் போடுவார். வள்ளி அதைப் பாட்டாலேயே மடக்குவாள். புராணம், குறள், சித்தர் பாட்டு எல்லாம் வந்து விழும். எதிராளியின் சரக்கு எவ்வளவு என்று இருவரும் ஒருவரையொருவர் ஆழம் பார்ப்பார்கள். கூட்டம் ஆளுக்கொரு கட்சியாகப் பிரியும். அப்புறம் முருகன் வேடனாக வந்தால் இன்னொரு சுற்று, கிழவனாக வந்தால் இன்னொன்று. கல்யாணம் எப்படியும் விடியற்காலையில்தான். அதுவரைக்கும் கதைக்காக யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. யார் யாரை மடக்கப்போகிறார்கள் என்பதற்காகத்தான் அத்தனை பேரும் தூக்கத்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

பாட்டு கதையை நகர்த்தவேண்டும் என்பது அமெரிக்க மியூசிக்கல்காரர்கள் வைத்திருக்கும் விதி. நம்முடைய மேடையில் பாட்டு கதையை நிறுத்தி வைக்கும், கிளை பிரிக்கும், சமயத்தில் கதையையே மறக்கவும் வைக்கும். இதைக் குறை என்று நினைக்கிற வரைக்கும் இந்த நாடகத்தை ரசிக்கமுடியாது. இப்படி நிறுத்தி வைத்த இடத்தில் அரசியலே பண்ணியிருக்கிறார்கள். சுதந்திரப் போராட்டக் காலத்தில் வேலனாக வந்த விஸ்வநாத தாஸ், தினைப்புனத்தில் நின்றபடியே 'கொக்கு பறக்குதடி பாப்பா' என்று பாடுவார். பயிரைத் தின்ன வந்த வெள்ளைக் கொக்கு யார் என்று கேட்டவர்களுக்குத் தெரியும், மப்டியில் வந்த போலீஸுக்கும் தெரியும். பலமுறை சிறை போனார். நாவிதர் குலத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு ஜோடி சேர்ந்து நடிக்க மறுத்த நடிகைகளும் உண்டு. 1940இன் கடைசி நாளில், சென்னையில் வள்ளி திருமணம் நடந்துகொண்டிருந்தபோது, முருகன் வேஷத்தில் மயில்மேல் அமர்ந்து பாடும்போதே மேடையில் உயிர் போயிற்று.

சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். சினிமா நடிகர் சங்கத் தேர்தலில் ஓர் அணி அவர் பெயரை வைத்துக்கொண்டு நின்றது. அப்போது டிவி பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு அவர் யாரென்று தெரிந்திருக்காது. 1867இல் தூத்துக்குடிப் பக்கம் பிறந்தவர், உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதியவர். இருபத்துநாலு வயசில் அதை விட்டுவிட்டு நாடகத்துக்கு வந்து நாற்பதுக்கும் மேல் நாடகம் எழுதினார். ஒரே ராத்திரியில் அபிமன்யு சுந்தரியை எழுதி முடித்தார் என்பது நாடகக்காரர்கள் மத்தியில் பிரசித்தம். விசேஷம் என்னவென்றால், ஸ்பெஷல் நாடக நடிகர்களின் கட்டுப்பாடில்லாத போக்கு அவருக்கே பிடிக்கவில்லை. பையன்களைச் சேர்த்துப் பழக்கினால் சொன்னபடி கேட்பார்கள் என்று பாய்ஸ் கம்பெனிப் பக்கம் போனார். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய சபையில்தான், பிற்பாடு நாடகத்தில் பெயர்பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் சின்னப் பையன்களாகச் சேர்ந்தார்கள். 1922இல் புதுச்சேரியில் இறந்தார். கட்டுப்பாடான அந்தக் கம்பெனிகள் எல்லாம் போய்விட்டன. அவர் அலுத்துக்கொண்ட ஸ்பெஷல் நாடகக்காரர்கள்தான் அவர் எழுதியதை இன்றைக்கும் பாடிக்கொண்டிருக்கிறார்கள்!

பாய்ஸ் கம்பெனி பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமுடியாது. ஒன்று மட்டும். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி பாடவேண்டும் என்பதால் குரல்தான் எல்லாமே. பையனுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் அவன் நிலைமை ஆட்டம் கண்டுவிடும். நேற்றுவரை ராஜபார்ட், இன்றைக்கு ஏதோ ஒரு சேவகன். பெரியவனாகியும் உச்சத்தில் அனாயாசமாகப் பாடிய எஸ்.ஜி.கிட்டப்பா மாதிரி ஒருவரை ஜனங்கள் ஏன் அப்படிக் கொண்டாடினார்கள் என்பது இதைத் தெரிந்துகொண்டால் புரியும். அவர் 1933இல் இருபத்தேழு வயசில் இறந்துபோனார். அவரை மணந்திருந்த பாடகி கே.பி.சுந்தராம்பாள் அதற்குப் பிறகு வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டது பலருக்கும் தெரிந்த கதை.

சரி, சபா மேடையில் பாட்டு ஏன் இல்லை என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதல் காரணம் பம்மல் சம்பந்த முதலியார். அவரும் நண்பர்களும் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபாவைத் தொடங்கினார்கள். பம்மல் வக்கீல், பிற்பாடு நீதிபதி. படித்தவர்கள் பொழுதுபோக்குக்காக நடித்த நாடகம் அது. விடிய விடியப் பாடிவிட்டுக் காலையில் கோர்ட்டுக்குப் போகமுடியாது. பாட்டைக் குறைத்து, வசனத்தை முன்னால் கொண்டுவந்து, சில மணி நேரத்தில் முடிகிற மாதிரி எழுதினார். நல்ல காரியம்தான், மனோகரா மாதிரி ஒரு நாடகம் அப்படித்தான் கிடைத்தது. இன்றைய சபா நாடகம் அந்த வழியில் வந்தது. 1952இல் தொடங்கிய ஒய்.ஜி.பார்த்தசாரதியின் குழுவானாலும் சரி, ஏ.ஜி. அலுவலகத்தில் (அரசுக் கணக்கு அலுவலகம்) வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்ட பாலசந்தரானாலும் சரி, பகலில் ஆபீஸ், சாயங்காலம் ஒத்திகை.

இரண்டாவது, சினிமா. 1931இல் படம் பேச ஆரம்பித்தபோது அதற்குத் தேவைப்பட்டது பாடத் தெரிந்த நடிகர்கள். அவர்கள் இருந்த இடம் நாடகக் கொட்டகை. 1934இல் வந்த பவளக்கொடி படமே மேடையில் ஓடிய நாடகம்தான், அதில் வள்ளிசாக ஐம்பது பாட்டு. எம்.கே.தியாகராஜ பாகவதருக்கு அதுதான் முதல் படம். ராஜபார்ட்டுகளை சினிமா கொண்டுபோனது, பாட்டையும் கூடவே கொண்டுபோனது. 'பாட்டு இல்லாமல் சினிமா பார்க்கத் தெரியாத நமக்கு' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பழக்கமே மேடை போட்டுக் கொடுத்த பிச்சை.

மூன்றாவது காரணத்தை யாரும் பேசுவதில்லை, பணம். ப்ராட்வே நாடகம் ஒரே அரங்கத்தில் மாசக்கணக்காக ஓடும், செலவைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளலாம். சபா நாடகம் இன்றைக்கு ஒரு சபாவில், அடுத்த சனிக்கிழமை இன்னொன்றில். செட் ஒரு வேனுக்குள் அடங்கவேண்டும், அதுதான் நீங்கள் பார்த்த சோபா. பத்து வாத்தியக்காரர்களுக்கும் இருபது ஆட்டக்காரர்களுக்கும் யார் சம்பளம் கொடுப்பது? ஆர்.எஸ்.மனோகர் பிரம்மாண்டமான செட்டும் தந்திரக் காட்சிகளுமாகப் புராண நாடகம் போட்டார், அதற்கு அவரே ஒரு பெரிய படையைக் கட்டி மேய்த்தார். அவரோடு அதுவும் போயிற்று. ஆகவே சபா நாடகக்காரர்களைப் பாட்டில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். வாரக்கடைசியில் தூக்கத்தை விட்டு நடிக்கிறார்கள், உங்களைச் சிரிக்கவும் வைத்துவிட்டார்கள்.

இவ்வளவு சொன்னதால் ஸ்பெஷல் நாடகம் சொக்கத்தங்கம் என்று எண்ணிப் போய்விடாதீர்கள். ஸ்பீக்கர் காதைப் பிளக்கும். சுவாமிகளின் பாட்டுக்கு நடுவே சினிமா மெட்டு வந்து உட்கார்ந்துகொள்ளும். கூட்டம் கேட்கிறது என்பார்கள், நம்பவும் முடியாது, மறுக்கவும் முடியாது. மோசமான தர்க்கம் என்றால் ஒரே பதிலை நாலு ராகத்தில் பாடி நேரத்தை ஓட்டுவார்கள். மேடையில் வள்ளியாகக் கும்பிடப்படும் பெண்ணைப் பற்றி இறங்கியதும் ஊர் பேசும் பேச்சு தனி. அந்தக் கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுமக்கும் பாரம் அது. நாம் மரபு, கலை என்று எழுதிவிட்டு அதைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். ஸ்பெஷல் நாடகத்துக்கு இப்போதைக்கு வேண்டாம். முதல் இரண்டு மணி நேரம் பபூன், டான்ஸ் காமெடி. அதில் இரட்டை அர்த்தம் தாராளமாகப் புழங்கும். அவள் அர்த்தம் கேட்டால் பாடுபடப்போவது நீங்கள். தர்க்கம் சூடு பிடிக்கும் நேரத்தில் அவள் தூங்கியிருப்பாள். நீங்கள் தனியாகப் போங்கள், ஒரு மணிக்கு மேல் தூக்கம் வரும் சமயத்தில் எழுந்து டீ குடித்துவிட்டு வந்து உட்காருங்கள், அதற்குப் பிறகுதான் நல்ல பாட்டு.

அவளுக்கு வடக்கு மாவட்டங்களின் தெருக்கூத்தைக் காட்டுங்கள். திரௌபதி அம்மன் கோயில்களில் சித்திரை, வைகாசியில் பாரதக் கூத்து நடக்கும். முழு ராத்திரி உட்காரவேண்டாம், திருவிழாவின் கடைசியில் வரும் பதினெட்டாம் போர் நாளன்று பகலில் போனால் போதும். கோயில் திடலில் துரியோதனன் மண்ணுருவமாக, படுத்த நிலையில், ஒரு வீட்டு நீளத்துக்குக் கிடப்பான். கட்டை (மர ஆபரணம்) கட்டிய வேஷக்காரர்கள் அவனைச் சுற்றி ஓடி, அவன்மேலேயே ஏறிச் சண்டை போடுவார்கள். குழந்தைகள் முன்னால் போய் நின்றுகொள்வார்கள், யாரும் தடுக்கமாட்டார்கள். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் சொல்லும் ஜோக்குகளில் பாதிக்கு அவள் சிரிப்பாள். காஞ்சிபுரம், செய்யாறு, திருவண்ணாமலைப் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் சித்திரை பிறந்ததும் போன் போட்டுக் கேளுங்கள், எந்தக் கோயிலில் என்றைக்குப் படுகளம் (அந்தப் பதினெட்டாம் போர்) என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கட்டாயம், நல்ல வெயிலில்தான் நடக்கும்.

அன்புடன்.