‘ஏதாவது எழுதிக் கொடு’ என்றால் ஏதாவதுதான் வரும்

வீட்டில் முறுக்கு சுட்டு விற்கிறேன், ஐயா. தீபாவளிக்கு சாட்ஜிபிடியிடம் விளம்பரம் கேட்டால் ‘சுவையின் சிகரமே!’ என்று மேடைப் பேச்சு மாதிரி எழுதித் தருகிறது.
– வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

நீங்கள் கேட்டதையும் அனுப்பியிருந்தீர்களே, அம்மா: ‘முறுக்கு விளம்பரம் எழுது.’ விலை தெரியாது, வாங்குபவர் யாரென்று தெரியாது. பாவம், அலங்காரத்தைப் போட்டு நிரப்பிவிட்டது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

‘வீட்டில் சுட்ட அச்சு முறுக்கு, 50 துண்டு ஒரு டின், 30 ரிங்கிட். பழைய வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப் செய்தி, ஐந்து வரிக்குள். தீபாவளிக்குப் பத்து நாள் முன்பே ஆர்டர் முடியும். போன வருடம் நான் அனுப்பிய இரண்டு செய்திகள் கீழே. அதே தொனியில் எழுது.’

அந்தக் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. ‘இயல்பாக எழுது’ என்று பத்து முறை சொல்வதைவிட, நீங்கள் எழுதியதில் இரண்டைக் காட்டினால் சட்டென்று பிடித்துக்கொள்ளும். பிறகும் பிடிக்கவில்லையா? ‘இரண்டாம் வரியை எடு, விலையை மேலே வை’ என்று விரட்டுங்கள். கோபித்துக்கொள்ளாது.

கடை உரிமத்துக்கு மலாயில் கடிதம் எழுதச் சொன்னேன். மகள் படித்துவிட்டுச் சிரிக்கிறாள்.
– வாசகர், ஜார்ஜ்டவுன்

சிரிக்காமல் என்ன செய்வாள்? நீங்கள் அனுப்பிய கடிதத்தில் ‘பெஜாபாட்’ (அலுவலகம்) வரவேண்டிய இடத்தில் ‘காந்தோர்’, ‘போலே’ (முடியும்) வரவேண்டிய இடத்தில் ‘பிசா’. காந்தோரும் பிசாவும் இந்தோனேசியச் சொற்கள். நம் ஊரில் ‘பிசா’ என்றால் விஷம்! இரண்டு மொழியும் ஒட்டிப் பிறந்தவை. நீங்கள் பிரித்துச் சொல்லாவிட்டால் அது குழப்பிக்கொள்ளும். ‘மலேசிய அரசு அலுவலகக் கடித நடை; துவான்/புவான் (ஐயா/அம்மா) என்று தொடங்கு; இந்தோனேசியச் சொல் வேண்டாம்’ என்று சேர்த்துக் கேளுங்கள். அனுப்புமுன் மகளிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

தமிழில் கேட்கலாமா, ஆங்கிலம்தான் சரியா?
– மாணவர், செந்தூல்

தமிழிலேயே கேளுங்கள், தம்பி. முன்பெல்லாம் தமிழ் எழுத்தைப் பொடிப்பொடியாக நறுக்கித்தான் படித்தது. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற புது மாடல் வந்தபோது, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் காட்டிய தமிழ் மாதிரி வாக்கியம் ஒன்றில் 116 துண்டுகள் 35 ஆகக் குறைந்திருந்தன. பாதி தமிழ் பாதி ஆங்கிலமாகக் கேட்டாலும் பிடித்துக்கொள்ளும்.

தமிழ்ப்பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு அது தந்த குறள் எந்தப் புத்தகத்திலும் இல்லையே!
– ஆசிரியை, பட்டர்வொர்த்

இருக்காது, டீச்சர். அதுவே கட்டியிருக்கும், எதுகை மோனைகூட அழகாக விழும். ‘கல்வி பற்றி ஒரு குறள் சொல்’ என்று கேட்காதீர்கள். கல்வி 40ஆம் அதிகாரம், குறள் 391 முதல் 400 வரை. புத்தகத்திலிருந்து பார்த்து ஒன்றைத் தட்டச்சு செய்து, ‘இதைப் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி விளக்கு, மேற்கோள் வேறெதுவும் சேர்க்காதே’ என்று கேளுங்கள்.

விண்ணப்பம் நிரப்ப ஐசி (அடையாள அட்டை) எண்ணைக் கொடுக்கலாமா?
– வாசகர், ஈப்போ சாலை

வேண்டாம். முதல் ஆறு இலக்கமே உங்கள் பிறந்த தேதி. அந்த இடத்தில் கோடு போட்டுவிட்டுக் கடிதத்தை வாங்குங்கள். எண்ணைக் கையால் எழுத அரை நிமிடம் ஆகுமா?