பழைய குருத்தோலையை என்ன செய்வது? சாம்பல் புதனுக்குச் சாம்பல் அதிலிருந்துதான் வருகிறதா?

குருத்து ஞாயிறன்று கோயிலில் வாங்கி வந்த ஓலையைக் குப்பையில் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடாதீர்கள். அது மந்திரித்த ஓலை, அதாவது குருவானவர் ஆசீர்வதித்தது. கோயிலில் கொடுங்கள், இல்லையென்றால் வீட்டிலேயே எரித்துச் சாம்பலைச் செடிக்கடியில் புதையுங்கள். மந்திரித்த பொருளுக்கு நெருப்பு அல்லது மண், இந்த இரண்டுதான் வழி.

இரண்டாவது கேள்விக்கு ஆமாம் என்பதுதான் பதில். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் பூசும் சாம்பல் அந்த ஓலையிலிருந்துதான் வருகிறது. முந்தைய ஆண்டு மந்திரித்த ஒலிவக் கிளையிலிருந்தோ வேறு மரக்கிளையிலிருந்தோ சாம்பல் எடுக்கச் சொல்கிறது, குருவானவர் பூசை வைக்கப் பயன்படுத்தும் திருப்பலிப் புத்தகம். நம் ஊரில் தென்னங்குருத்து. 2025 ஏப்ரல் 13 குருத்து ஞாயிறன்று கையில் பிடித்த ஓலை, 2026 பிப்ரவரி 18 சாம்பல் புதனன்று சாம்பலாக நெற்றிக்கு வந்தது.

உங்கள் ஓலை மாதா படத்துக்குப் பின்னால் ஒட்டடையோடு, ஐப்பசி மழை ஈரத்தில் பூசணம் பூத்துக் கிடக்கும். பரவாயில்லை, துடைத்து இரண்டு நாள் வெயிலில் போடுங்கள். ஆனால் அதில் சுற்றிய ரிப்பன், குண்டூசி, ஜிகினாத் தாள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கொடுங்கள். பிளாஸ்டிக் ஒரு துண்டு சேர்ந்தாலும் உருகிக் கட்டியாகிச் சாம்பல் முழுக்க நாறும்.

கோயிலில் பூசுவதற்காக எரிப்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். முதலில் ஈர்க்கை உருவிவிட வேண்டும். ஓலை நொடியில் சுருண்டு எரிந்துவிடும், ஈர்க்கு வேகாமல் கரிக்குச்சியாக நிற்கும். அது சரியாக இடிபடாமல் போனால் சிலாம்பு போலக் குழந்தைகள் நெற்றியைக் கீறும். பிறகு ஓலையை விரல் நீளத்துக்கு நறுக்கி இரும்புச் சட்டியில் போட்டுத் தீக்குச்சியால் பற்றவைக்க வேண்டும். தரையில் எரித்தால் மண் கலக்கும். மண்ணெண்ணெய் ஊற்றினால் வாடை போகாது. சுவாலை அடங்கும் நேரம் பார்த்து மூடியைப் போட்டு மூடிவிட வேண்டும், இதுதான் முக்கியம். திறந்தே விட்டால் முழுக்க வெந்து வெள்ளைச் சாம்பலாகிவிடும், நெற்றியில் தெரியாது. மூடினால் கருகிய கரியாக நிற்கும், அந்தக் கறுப்புதான் சிலுவையாகப் பதியும். ராத்திரி முழுக்க ஆறவிட்டு, சின்ன உரலில் இடித்து, பழைய வேட்டித் துணியில் சலித்து, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். ஒரு கட்டு ஓலைக்கு மிகக் கொஞ்சம்தான் தேறும். அதனால்தான் கோயிலில் இரண்டு வாரம் முன்பே ஓலை கேட்கிறார்கள்.

தண்ணீர் விட்டுக் குழைக்கவே கூடாது. சாம்பல் போட்டுப் பாத்திரம் விளக்கியவர்களுக்குக் கை எரிச்சல் தெரியும். சாம்பலில் தண்ணீர் சேர்ந்தால் காரம் ஊறும். ஈரத்தோடு நெற்றியில் நின்றால் தோல் சிவந்து புண்ணாகும். சடங்கில் இருப்பது சாம்பல்மேல் தீர்த்தம் தெளிப்பது மட்டும், அதற்குச் சில சொட்டுப் போதும். ஒட்டவில்லை என்றால் இரண்டு சொட்டு எண்ணெய் சேர்க்கலாம். அதிகமானால் வெயிலில் புருவத்துக்கு வழியும்.

வீட்டில் எரித்ததை நீங்களே பூசிக்கொள்ளலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பூசையில் மந்திரித்ததுதான் அந்தச் சாம்பல். வீட்டில் எரித்தது புதைப்பதற்கு.

"பைபிளில் எங்கே இருக்கிறது" என்று ஒருவர் வருவார், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். நினிவே அரசன் சாம்பலில் உட்கார்ந்தான், யோனா 3:6. சாம்பல் பூசுவது திருமுழுக்கைப் போல ஓர் அருட்சாதனம் என்று யாரும் சொல்லவில்லை, மனம் வருந்துவதற்கான அடையாளம். பிறகு நெற்றியைக் கழுவினால் பாவமும் இல்லை. நோன்பிருக்கும்போது முகத்தைக் கழுவு என்பதுதானே அன்றைக்கு வாசிக்கும் மத்தேயு 6-ஆம் அதிகாரம்! விரலால் இட்டால்தான் செல்லும் என்பதும் தவறு. 2021-இல் கொரோனாவுக்காகத் தலையில் தூவச் சொன்னது வத்திக்கான். உரோமையில் தலையில் தூவுவதுதான் வெகுகால வழக்கம்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், மனசு ஆறவில்லை. ஓலைக்கு இவ்வளவு யோசிக்கிறீர்களே, உடைந்த சுரூபத்தை, அதாவது புனிதர் சிலையை, கோயில் வளாகத்துக் கெபி (மாதா குகை) அடியில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் ஒரு நிமிடம் யோசிப்பதில்லை. கை போன அந்தோணியார், தலை போன குழந்தை இயேசு, மழையில் கரைந்து நாய் முகர்ந்துகொண்டு கிடக்கும். கோயில் வளாகத்தில் விட்டால் கடமை முடிந்ததா? அதை எடுத்துப் புதைப்பது யார்? சாந்துச் சுரூபம் எரியாது. துணியில் சுற்றி, உருவம் தெரியாத அளவுக்கு உடைத்து, யாரும் மிதிக்காத இடத்தில் முழங்கால் ஆழம் தோண்டிப் புதையுங்கள். பழைய காலண்டர் படத்தை ஓலையோடு சேர்த்தே எரிக்கலாம், ஆனால் தகரப் பட்டையைப் பிய்த்துவிட்டு. வழவழப்பான அட்டைப் படமாக இருந்தால் அந்தச் சட்டியில் போடாமல் தனியாக எரியுங்கள், அதன் பூச்சும் நாறும்.