புல்லை மாற்றும் முன் மண்ணைத் தோண்டிப் பாருங்கள்

வணக்கம். அலுவலக வளாகப் புல்வெளி தினமும் நீர் பாய்ச்சியும் மஞ்சளிக்கிறது, மழை பெய்தாலோ தண்ணீர் அங்கேயே தேங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றாகத்தான் இருக்கும்: கட்டுமானத்தின்போது கனரக வண்டிகள் ஏறி இறங்கி மண் இறுகிப்போயிருக்கும்.

30 செ.மீ. ஆழத்துக்கு ஒரு குழி தோண்டுங்கள். மண்வெட்டி கல்லில் பட்டதுபோல் எகிறுகிறதா, வேர்கள் கீழே இறங்காமல் பக்கவாட்டில் படர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு குழி நிறையத் தண்ணீர் ஊற்றி, வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். ஒரு நாள் கழித்தும் நீர் நின்றால் சந்தேகமே வேண்டாம். அந்த மண்ணில் எதை நட்டாலும் வீண். முதலில் ஆழமாகக் கிளறி மக்கிய உரம் கலக்க வேண்டும்.

யாரும் கால் வைக்காத இடங்களில் புல் எதற்கு? அங்கே உங்கள் மண்ணுக்குரிய புதர்களையும் மரங்களையும் நட்டு, மேலே 5 முதல் 8 செ.மீ. வரை இலைதழை மூடாக்கு போடுங்கள். அடிமரத்தை ஒட்டிக் குவித்துவிடாதீர்கள், பட்டை அழுகிவிடும்.

கூரை நீரையும் விட்டுவிடாதீர்கள். 1,000 சதுர மீட்டர் கூரையில் 20 மி.மீ. மழை விழுந்தால் 20,000 லிட்டர்! அதைச் சாக்கடைக்கு அனுப்ப எனக்கு மனம் வராது. தண்ணீர் தேங்கும் அந்தப் பள்ளத்தையே, மண்ணைச் சரிசெய்தபின், மழைத்தோட்டமாக்கலாம், அதாவது கூரை நீர் வந்து நின்று மண்ணுக்குள் இறங்கும் செடிப்பாத்தியாக்கலாம். குழிச் சோதனையின் முடிவை எழுதுங்கள், செடிகளைப் பற்றிப் பேசுவோம்.