பின்தொடைக் கேள்விகள்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: கால்பந்து மேட்சில் எழுபது நிமிடம் வரை நன்றாக ஓடுகிறேன் சார். அப்புறம் பின்தொடை கல்லாகிவிடுகிறது. ஏன்?

பதில்: வேகமாக ஓடும்போது, முன்னால் வீசிய காலைப் பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன் பிடித்து நிறுத்துவது பின்தொடைத் தசையான ஹாம்ஸ்ட்ரிங்தான். நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டிய வேலை. களைப்பு ஏற ஏற அந்தப் பிடி தளர்கிறது. ஆட்டத்தின் ஒவ்வொரு பாதியும் முடியும் நேரத்தில் பின்தொடைக் காயங்கள் அதிகம் நேர்வது இதனால்தான். பெரும்பாலும் அடிபடுவது வெளிப்பக்கத் தசையான பைசெப்ஸ் ஃபெமோரிஸ்.

நார்டிக் என்ற பயிற்சியைச் செய்யுங்கள். முழங்காலிட்டு நிற்க, ஒருவர் கணுக்காலை அழுத்திப் பிடிக்கட்டும். இடுப்பை மடக்காமல் உடலை மெல்ல முன்னால் சாயுங்கள். ஓரிடத்தில் தசை கைவிட்டுவிடும், தொப்பென்று விழுவீர்கள், கைகளால் தாங்கிக்கொள்ளுங்கள். வாரங்கள் போகப் போக, கைவிடும் இடம் தரையை நெருங்கும். முதல் வாரம் ஒரே நாள், ஐந்து ஐந்தாக இரண்டு செட். மூன்றாவது வாரத்திலிருந்துதான் வாரம் மூன்று நாள். ஐந்தாவது வாரத்தில்தான் 12, 10, 8 என்று மூன்று செட். முதல் வாரத்தில் வீரம் வேண்டாம்.

கேள்வி: முதல் நாளே முப்பது எடுத்தேன். இரண்டு நாளாகப் படி இறங்க முடியவில்லை.

பதில்: வீரம் வேண்டாம் என்றேனே. ஓரிரு நாளில் தணியும்.

கேள்வி: ஸ்ட்ரெட்சிங் மட்டும் போதாதா?

பதில்: போதாது. நெகிழ்வு வேறு, பலம் வேறு.

கேள்வி: பயிற்சிக்கு முன்பா, பின்பா?

பதில்: பின்பு. முன்பே செய்தால் களைத்த தசையோடு ஸ்பிரிண்டுக்குப் போவீர்கள். பின்பு செய்தால், களைத்த நிலையிலும் இழுத்துப் பிடிக்கத் தசை பழகும்.

ஒரு கோச்: ஒத்துக்கொள்ள மாட்டேன். காயம் தடுக்க ஃபிஃபா வகுத்த '11 பிளஸ்' வார்ம்-அப்பிலேயே நார்டிக் இருக்கிறதே?

பதில்: இருக்கிறது, காயத்தையும் குறைக்கிறது. அது வார்ம்-அப்புக்குள் வரும் ஒரே ஒரு செட். மூன்று செட்டை முன்னால் வைப்பது வேறு கதை.

அதே கோச்: பயிற்சி முடிந்ததும் பையன்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். முன்னால் வைத்தால்தான் நடக்கும்.

பதில்: இதை மறுக்க முடியவில்லை. செய்யாமல் விடுவதைவிட முன்னால் செய்வது மேல். ஆனால் செட்டைக் குறையுங்கள்.

இன்னொருவர்: எங்கள் அணியில் பின்னால்தான் செய்கிறோம். பாதிப் பேர் ஏமாற்றுகிறார்கள்.

பதில்: கணுக்காலைப் பிடிப்பவர் கோச்சாக இருக்கட்டும்.

கேள்வி: ஸ்ட்ரெட்சிங் செய்தால்...

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: ஓடும்போது 'டப்' என்று ஏதோ அறுந்ததுபோல் இருந்தது. தொடையின் பின்புறம் நீலம் பாரித்திருக்கிறது. நார்டிக் ஆரம்பிக்கலாமா?

பதில்: கூடாது. இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றவர்கள் கேள்வி காத்திருக்கட்டும், நீங்கள் முதலில் கிளம்புங்கள்.

கேள்வி: முழங்கால் சவ்வு அறுவை முடிந்து...

பதில்: உங்கள் பிசியோவிடம் கேளுங்கள். பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

கேள்வி: முப்பது எடுத்தவன்தான் சார். படி இறங்கிவிட்டேன். நாளை மேட்ச், இன்று ஒரு இருபது?

பதில்: வேண்டாம்!