மென்பொருள் என்பது உண்மையில் என்ன? அது ஒரு பொருளா, வெறும் எழுத்தா?

கணினிக்கு நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளைகள்தான் மென்பொருள் என்று பாடத்தில் படித்திருப்போம். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். அது பாதி உண்மைதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், எழுதியவர் விலகிப்போன பழைய நிரல் ஒன்று என் கைக்கு வந்தது. ஒரு பதிவை இன்னொரு சர்வருக்கு அனுப்பும், மூன்று விநாடி சும்மா நிற்கும், அப்புறம் அது போய்ச் சேர்ந்ததா என்று பார்த்து, சேரவில்லை என்றால் மறுபடி அனுப்பும். அந்த மூன்று விநாடி ஏன் என்று ஒரு குறிப்பும் இல்லை. தேவையில்லாத வரி என்று தூக்கிவிட்டேன், டெஸ்ட் எல்லாம் பாஸ். நாலு நாள் கழித்துப் பார்த்தால் நிறையப் பதிவுகள் இரண்டிரண்டாக ஏறிக் கிடக்கின்றன. எதிர்முனை சர்வர் மெதுவானது, எழுதி முடிக்க அதற்கு அவ்வளவு நேரம் வேண்டும். இந்த விவரம் எழுதியவர் தலையில் இருந்தது, அவரோடு போய்விட்டது.

டென்மார்க்கைச் சேர்ந்த கணினி அறிஞர் பீட்டர் நௌர் 1985-ல் இதைத்தான் சொன்னார்: நிரல் எழுதுவது என்றால் அந்த வேலையைப் பற்றிய ஒரு புரிதலை மனதுக்குள் கட்டுவது, எழுத்து அதற்கு அடுத்ததுதான், அந்தப் புரிதல் உள்ள குழு கலைந்தால் நிரல் செத்துவிடும். ஓடிக்கொண்டே இருந்தாலும் செத்ததுதான். என் அனுபவத்தில் இது அப்படியே உண்மை.

1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் முதல் பயணத்தில் சுமார் 40 விநாடியில் வெடித்துச் சிதறியதே, அதில் தடுமாறிய நிரல்பகுதி ஏரியான் 4-ல் ஒழுங்காக ஓடியது. அதே வரிகள். புது ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம் என்பதால் ஒரு 64 பிட் எண் 16 பிட்டுக்குள் அடங்கவில்லை, அவ்வளவுதான். அந்த 16 பிட்டுக்குள் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. அதைத் தாண்டாது என்ற நம்பிக்கை பழைய ராக்கெட்டுக்குச் சரி, புதியதற்குச் சரியில்லை. எழுத்துதான் மென்பொருள் என்றால், இரண்டிலும் ஒரே மென்பொருள் இருந்தது என்று சொல்ல வேண்டிவரும், அதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதற்காக எல்லாமே மனதுக்குள்தான் என்றும் சொல்ல மாட்டேன். அப்பல்லோ விண்கலத்தின் நிரலைச் செம்புக் கம்பியால் கையாலேயே பின்னினார்கள். சின்னக் காந்த வளையத்துக்குள்ளே கம்பி போனால் 1, வெளியே போனால் 0. தொட்டுப் பார்க்கக்கூடிய பொருள்தானே அது?

அந்த மூன்று விநாடியைத் திரும்பப் போட்டபோது, மேலே காரணத்தையும் நாலு வரி எழுதி வைத்தேன். பிறகு அந்த சர்வரையே மாற்றிவிட்டார்கள். குறிப்பு இன்னும் அங்கேயே இருக்கிறது.