இன்டர்வலில் ஓடக்கூடாது, ஆனால் காசு கட்டினால் ஓடலாமா?

கேள்வி: மகன் மூன்றாம் வகுப்பு. இன்டர்வலிலும் மதியம் சாப்பிட்ட பிறகும் ஓடக்கூடாது என்று உட்கார வைக்கிறார்கள். மாலை ஃபிட்னஸ் வகுப்பில் பணம் கட்டிச் சேரச் சொல்கிறார்கள். அவனுக்கு வீசிங் வேறு உண்டு. சேர்க்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்க ஆடி ஓட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை ஒரே மூச்சில் முடிக்கத் தேவையில்லை. இன்டர்வலில் பத்து நிமிடம், மதியம் கால் மணி நேரம், மாலையில் தெருவில் கொஞ்சம், எல்லாம் கணக்கில் சேரும். சாப்பிட்டதும் ஓடினால் வயிறு பிடிக்கலாம், அவ்வளவுதான். வெயில் கொளுத்தும் நாளில் மட்டும் நிழலில் ஆடட்டும், தண்ணீர் குடிக்கட்டும்.

அந்த ஃபிட்னஸ்காரர்கள் விஷயத்தில் உஷார். பெற்றோர் கூட்டத்தன்று மேஜை போட்டு, பிள்ளையை எடை மெஷினில் ஏற்றி, கலர் கலராக ஒரு ரிப்போர்ட்டைக் கையில் திணித்து, ‘ஸ்டாமினா கம்மி’ என்று பயமுறுத்தி அங்கேயே வருடக் கட்டணத்துக்குக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். பிள்ளைகளின் பி.எம்.ஐ.யை (உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் கணக்கு) வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும், 18.5-க்குக் கீழே ஒல்லி, 25-க்கு மேலே அதிக எடை என்ற பெரியவர்களுக்கான கணக்கு இங்கே செல்லாது. சொல்லித்தருபவர் என்ன படித்திருக்கிறார், பாதியில் நின்றால் பணம் திரும்ப வருமா என்று கேளுங்கள், பேச்சு மாறும்.

வீசிங் இருப்பதால் உட்கார வைப்பது தவறு. ஓடும்போது இருமலோ நெஞ்சில் விசில் சத்தமோ வந்தால் வியாதி கட்டுக்குள் இல்லாமல் இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். விளையாடப் போகும் முன் இன்ஹேலர் எடுக்கச் சொன்னால் அப்படியே செய்யுங்கள். எடுத்த எடுப்பில் ஓடாமல் முதலில் கொஞ்சம் நடக்கட்டும். இன்ஹேலர், அதில் மாட்டி மருந்தை இழுக்கும் ஸ்பேசர் குழாய் இரண்டும் வகுப்பாசிரியர் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், ஆபீஸ் பீரோவில் பூட்டி வைத்தால் என்ன பயன்? சளி, இழுப்பு இருக்கும் நாளில் ஓய்வு. இன்ஹேலர் கொடுத்தும் அடங்கவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரி.

பள்ளியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே விளையாட்டு மைதானம் இருக்கிறது. ஆனால் பரீட்சை வந்தால் பி.டி. பீரியடைக் கணக்குப் பாடம் விழுங்கிவிடும், நோட்டு முடிக்காதவனுக்கு இன்டர்வலும் கிடையாது. கேட்பாரில்லை! நீங்கள் கேளுங்கள். டாக்டரிடம் ‘இவன் விளையாடலாம்’ என்று எழுதி வாங்கி, இன்னும் நாலு பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு தலைமையாசிரியரைப் பாருங்கள்.