கணவாய்க்கு வயிறு முட்டக் கூடாது: சமையல் கேள்வி - பதில்

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு இத்தாலியர்கள் ஏழு வகை மீன் சமைப்பார்களாமே. அதில் ஒன்றையாவது வீட்டில் செய்து பார்க்க ஆசை. எது நமக்குச் சரிப்படும்?
- ஒரு வாசகி, காட்பாடி

பதில்: ஏழு என்ற கணக்கு அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியர்களுடையது. இத்தாலியில் அப்படி எண்ணிக்கை எதுவும் இல்லை. பழைய சபை வழக்கப்படி டிசம்பர் 24 சுத்தபோசன நாள். கறி கூடாது, அதனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மீன். நேப்பிள்ஸ் பக்கம் விலாங்கு வறுவல், உப்புக் காட் மீன், மட்டி போட்ட ஸ்பகெட்டி எல்லாம் இலைக்கு வரும். காட் நம் கடல் மீன் இல்லை. உயிரோடு மட்டி வேலூர் வரை வந்து சேருவதும் சந்தேகம். நீங்கள் செய்யக்கூடியது அடைத்த கணவாய், அவர்கள் சொல்லும் 'கலமாரி ரிப்பியேனி'.

நாலு பேருக்கு ஊசிக்கணவாய் 8, மொத்தம் 1 கிலோ. உடல் 12 முதல் 15 செ.மீ. நீளம் இருந்தால் போதும். ஓட்டுக்கணவாய் வேண்டாம்; உள்ளே ஓடு இருப்பதால் உடலைக் கிழிக்காமல் சுத்தம் செய்ய முடியாது, குழல் வடிவம் கிடைக்காது. தலையைப் பிடித்து மெதுவாக இழுத்தால் குடலும் மைப்பையும் கூடவே வந்துவிடும். கண்ணாடி ஈர்க்கு மாதிரி இருக்கும் தண்டை உருவி, தோலை உரித்து, உட்புறத்தை விரல் விட்டுக் கழுவுங்கள். மணல் அங்கேதான் ஒளிந்திருக்கும். கால்களுக்கு நடுவில் உள்ள அலகையும் எடுத்துவிட வேண்டும்.

கால்களையும் இறக்கைகளையும் பொடியாக நறுக்கி, 2 பல் பூண்டோடு ஆலிவ் எண்ணெயில் 3 நிமிடம் வதக்கி ஆறவிடுங்கள். அதில் ரொட்டித்தூள் 100 கிராம், முட்டை 1, நறுக்கிய கறுப்பு ஆலிவ் 8, கேப்பர் (உப்பில் ஊறவைத்த பூமொட்டு) 1 மேசைக்கரண்டி, உலர்திராட்சை 1 மேசைக்கரண்டி, கொஞ்சம் பார்ஸ்லி, மிளகுத்தூள். உப்பு போட வேண்டாம், ஆலிவும் கேப்பரும் தருவதே போதும். ரொட்டித்தூளுக்கு ரஸ்கைப் பொடிக்காதீர்கள், இனிக்கும். முந்தின நாள் வாங்கிய இனிப்பில்லாத ரொட்டிதான் சரி.

குழலில் மூன்றில் இரண்டு பங்குதான் அடைக்க வேண்டும். வாயைப் பல்குச்சியால் தைத்து, உடலில் ஊசியால் இரண்டு மூன்று இடத்தில் குத்துங்கள். அகலச் சட்டியில் 4 மேசைக்கரண்டி எண்ணெய், 2 பல் பூண்டு, ஒரு காய்ந்த மிளகாய் போட்டு, கணவாயை எல்லாப் பக்கமும் லேசாகச் சிவக்க விட்டு, 100 மி.லி. வெள்ளை ஒயினை ஊற்றி வற்ற விடுங்கள். பிறகு தோலுரித்து நசுக்கிய பெங்களூர் தக்காளி 600 கிராம். மூடி, சிறு தீயில் 40 நிமிடம். குழம்பு மிஞ்சும், அதில் நூடுல்ஸைவிடத் தடிமனான பாஸ்தாவைப் புரட்டினால் அதுவே முதல் பந்தி.

கேள்வி: கணவாய் எப்போதும் ரப்பராகிவிடுகிறது. பத்து நிமிடம்தான் வேகவைக்கிறேன்.
- ஒரு வாசகர், ஆற்காடு

பதில்: அந்தப் பத்து நிமிடம்தான் சிக்கல். கணவாய் ஒன்று இரண்டு நிமிடத்துக்குள் இறங்க வேண்டும், இல்லையென்றால் அரை மணிக்கு மேல் போக வேண்டும். சூடு ஏறியதும் சதையும் கொலாஜன் நாரும் சுருங்கி விறைக்கும். நீண்ட நேரம் சிறு தீயில் இருந்தால்தான் அந்த நார் ஜெலட்டினாகக் கரைந்து சதை இளகும். இடையில் இறக்கினால் விறைப்பு மட்டும் மிஞ்சும். பாதி வெந்து ரப்பராகிவிட்டதா? தூக்கிப் போடாமல் இன்னும் 25 நிமிடம் விடுங்கள், இளகிவிடும்.

கேள்வி: போன வருஷம் செய்தேன். எட்டில் ஐந்து வெடித்து, சட்டி முழுக்க ரொட்டித்தூள் மிதந்தது.
- ஒரு வாசகி, இராணிப்பேட்டை

பதில்: முழுக்க அடைத்திருப்பீர்கள். வேகும்போது கணவாய் சுருங்கும், ரொட்டித்தூள் ஈரத்தை உறிஞ்சி ஊதும். இரண்டுக்கும் இடம் விடாவிட்டால் தையல் தாங்காது. தீ அதிகமாக இருந்தாலும் இதே கதி. குழம்பு தளதளவென்று கொதிக்கக் கூடாது, ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி வந்தால் போதும். குக்கரில் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஆவி இறங்கும்போது அடைத்தது பிதுங்கும், வேண்டாம்.

கேள்வி: ஒயின், கேப்பர், ஆலிவ் எதுவுமே இல்லாமல் முடியாதா?
- ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: ஒயினுக்குப் பதில் அரை மூடி எலுமிச்சைச் சாறும் கால் கப் தண்ணீரும். மணம் கிடைக்காது, புளிப்பு கிடைக்கும். பண்டிகைக்கு வீட்டில் ஊறவைத்த திராட்சை ஒயினை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அந்தச் சர்க்கரையில் குழம்பு பாயசமாகிவிடும். கேப்பர், ஆலிவ் இல்லையென்றால் நாலு நெத்திலிக் கருவாட்டை ஊறவைத்து, தலை கிள்ளி, எண்ணெயில் வதக்கி மசித்துச் சேருங்கள். இத்தாலியர்கள் இதில் போடும் ஆஞ்சோவியும் நெத்திலிக் குடும்பம்தான். அவர்களுடையது உப்பில் பதப்படுத்தியது, நம்முடையது வெயிலில் காய்ந்தது, அதனால் மணம் கொஞ்சம் மாறும். ஆனால் பார்ஸ்லிக்குப் பதில் கொத்தமல்லி போட்டால் அது நம் மீன் குழம்புதான், நல்ல குழம்பாகவே இருந்தாலும்.

கேள்வி: நம் ஊருக்குக் காசிமேட்டிலிருந்து ஐஸில் வரும் கணவாய் போதுமா?
- ஒரு வாசகி, வேலூர்

பதில்: போதும். தொட்டால் சதை இறுக்கமாக, தோலில் செம்புள்ளிகள் தெளிவாக இருக்க வேண்டும். வெள்ளைச் சதை இளஞ்சிவப்பாக மாறியிருந்தாலோ, அமோனியா நெடி அடித்தாலோ வாங்காதீர்கள். உறைந்ததும் ஆகாததில்லை. உறையும்போது உள்ளே உருவாகும் பனித்துகள் நாரை உடைப்பதால் சதை இன்னும் மெதுவாகும். முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருக்கி, துணியால் ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு எண்ணெயில் போட்டால் தெறிக்கும், சிவக்காது.

கேள்வி: பூசை முடிந்து வர நள்ளிரவாகிவிடும். காலையிலேயே செய்து வைக்கலாமா?
- அதே வாசகி

பதில்: தாராளமாக. ஆறவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, இரவில் சிறு தீயில் நன்றாகச் சூடாக்குங்கள். பல்குச்சிகளை எண்ணிக்கொண்டே உருவுங்கள், ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாது. வட்டமாக நறுக்குவதானால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே நறுக்கி, பிறகு குழம்போடு சூடாக்குவது நல்லது. கொதிக்கக் கொதிக்க நறுக்கினால் உள்ளே அடைத்தது உதிர்ந்துவிடும்.